பழைய சேசிஸும் புதிய பாடியும்: தரவு மென்பொருளில் காலாவதிப் பதிப்புகளை எதுவரை சுமப்பது?

2017 மார்ச் 29 அன்று உச்ச நீதிமன்றம் ஓர் ஆணை பிறப்பித்தது: ஏப்ரல் 1 முதல் பாரத் ஸ்டேஜ் 3 தரத்து எஞ்சின் கொண்ட புது வண்டி எதையும் விற்கக் கூடாது. அந்தத் தேதியோடு உற்பத்தி நிற்க வேண்டும் என்பது எல்லோருக்கும் முன்பே தெரியும். விற்பனைக்கும் அதுவே கெடு என்பதுதான் கடைசி நேரத்தில் வந்தது. நாடு முழுவதும் எட்டு லட்சத்துக்கு மேற்பட்ட வண்டிகள் விற்காமல் நின்றன; கிடைத்த விலைக்குத் தள்ளிவிட விற்பனையாளர்கள் முண்டியடித்தார்கள். அதற்கடுத்த மாற்றம் இப்படி வரவில்லை. பி.எஸ். 5-ஐத் தாண்டி நேரே பி.எஸ். 6-க்குப் போவதென்றும், 2020 ஏப்ரல் 1 அதற்கான நாள் என்றும் 2016 ஜனவரியிலேயே ஒன்றிய அரசு அறிவித்துவிட்டது. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் அந்தத் தேதியை உறுதிப்படுத்தியது. லாரிக்குப் பாடி கட்டியே பேர் வாங்கிய நாமக்கல்லுக்கும் ரிக் வண்டிகளின் ஊரான திருச்செங்கோட்டுக்கும் இந்த இரண்டு கெடுக்களின் வேறுபாட்டை யாரும் விளக்க வேண்டியதில்லை. இரண்டிலும் பழையது கைவிடப்பட்டது. ஒன்றில் ஆயத்தமாக இரண்டு நாள் இருந்தது, மற்றதில் நான்கு ஆண்டு.

இந்த வேறுபாட்டை இங்கே நினைவூட்டக் காரணம், இதே கேள்வி இப்போது இந்த வட்டாரத்தின் இன்னொரு தொழிலையும் தொடுகிறது என்பதே. திருச்செங்கோடு, ராசிபுரம், குமாரபாளையம் வட்டாரப் பொறியியல் கல்லூரிகளில், சேலத்துப் பெரியார் பல்கலைக்கழகத் துறைகளில், 2019-இல் வந்த பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூலை நடத்தும் அரசுப் பள்ளிகளில் எல்லாம் பைத்தான் மொழி புழங்குகிறது. தரவைக் கையாள அதோடு சேர்த்துப் பயன்படும் பாண்டாஸ், நம்பை, சைப்பை, மேட்பிளாட்லிப் போன்றவை யாரும் காசு கொடுத்து வாங்காத திறமூல நிரலகங்கள் (லைப்ரரிகள்). இவற்றில் எதுவும் தனியாக நிற்பதில்லை. பாண்டாஸ் நம்பையின்மேல் கட்டப்பட்டது, நம்பை பைத்தானின்மேல், பைத்தான் இயங்குதளத்தின்மேல். கணினிக்காரர்கள் டிபென்டன்சி என்று சொல்லும் இந்தச் சார்பு, பாடிக்கும் சேசிஸுக்கும் உள்ள உறவு போன்றது. சேசிஸின் நீளமும் அச்சுக்களின் இடைவெளியும் மாறினால் பாடியின் அளவும் யு போல்ட் விழும் இடமும் மாற வேண்டும். அப்படியானால் புதிதாக வரும் ஒவ்வொரு பாடியும் எத்தனை தலைமுறைப் பழைய சேசிஸுக்குப் பொருந்த வேண்டும்? பொருந்தாமல் போனால் குற்றம் யாருடையது? பழைய பதிப்புகளைக் கைவிடுவது தவறல்ல, பல நேரங்களில் கடமையும்கூட. ஆனால் அது முன்கூட்டி அறிவித்த நாட்காட்டிப்படி நடக்க வேண்டும், அதற்குமேலும் நீட்டிப்பு வேண்டுவோர் அதன் செலவை ஏற்க வேண்டும் என்பதே இக்கட்டுரை நிறுவ முயலும் முடிவு.

முதலில் செலவைக் கணக்கிடுவோம். ஒரு தரவு நிரலகம் பைத்தானின் நான்கு பதிப்புகளையும், நம்பையின் நான்கு பதிப்புகளையும், பாண்டாஸின் மூன்று பதிப்புகளையும், விண்டோஸ், மேக், லினக்ஸ் என மூன்று இயங்குதளங்களையும் தாங்குவதாக வைத்துக்கொண்டால் சேர்க்கைகள் 4 × 4 × 3 × 3 = 144. ஒவ்வொன்றையும் சோதிக்கப் பத்து நிமிடம் என்றால் ஒரேயொரு திருத்தத்தைச் சரிபார்க்க முழுதாக இருபத்துநான்கு மணி நேரம் கணினி ஓட வேண்டும். பைத்தானில் மூன்று, நம்பையில் மூன்று, பாண்டாஸில் இரண்டு என்று குறைத்தால் அதுவே 54 சேர்க்கைகளாகவும் ஒன்பது மணி நேரமாகவும் சுருங்கும். நடைமுறையில் யாரும் எல்லாச் சேர்க்கைகளையும் சோதிப்பதில்லை. சில சேர்க்கைகள் சாத்தியமே இல்லாதவை; பல திட்டங்கள் மிகப் பழையதையும் மிகப் புதியதையும் மட்டும் சோதித்து நடுவில் உள்ளதைக் கடவுளிடம் விட்டுவிடுகின்றன. பாரம் அதனால் குறைவதில்லை, இடம் மாறுகிறது. சோதிக்காத சேர்க்கையில் பிழை முளைக்கும்போது அதைக் கண்டுபிடித்து முறையிடுவது பயனர். அந்தப் பழைய பதிப்பைத் தேடி நிறுவி அதே பிழையைத் தன் கணினியில் வரவழைத்துப் பார்ப்பது பராமரிப்பவர். கணினி நேரத்தைக் காசு கொடுத்து வாங்கிவிடலாம், இந்த மனித நேரத்தை அப்படி வாங்க முடியாது.

அடுத்த செலவு நிரலுக்குள்ளேயே படிகிறது. பழைய பதிப்பு என்றால் இப்படிச் செய், புதியது என்றால் அப்படிச் செய் என்ற கிளைகள் கோப்புக்குக் கோப்பு பெருகும். பைத்தான் 2, பைத்தான் 3 இரண்டிலும் ஒரே நிரல் ஓடுவதற்கென்றே 'சிக்ஸ்' என்று ஒரு சிறு நிரலகம் எழுதப்பட்டது. இரண்டை மூன்றால் பெருக்கினால் ஆறு என்பதே பெயர்க் காரணம். பைத்தான் 2-க்கான ஆதரவு 2020 ஜனவரி 1-உடன் முடிந்துவிட்டது. அதன் பிறகும் பல ஆண்டுகள் புதுக் கணினியில் பாண்டாஸை நிறுவியவர்களுக்குத் தேதிகளைக் கையாளும் டேட்யூட்டில் நிரலகம் வழியாக இந்தச் சிக்ஸும் சேர்ந்தே இறங்கிவந்தது. பாலம் கட்டிய ஆறு வற்றிய பின்னும் எல்லா வண்டியும் பாலத்தின்மேலேயே போவது போன்றது இது. இத்தகைய எச்சங்களைச் சுமப்பவர்கள் சம்பளத்துக்கு வேலை செய்பவர்கள் என்றால்கூட ஒருவாறு பொறுத்துக்கொள்ளலாம். உலகின் அறிவியல் கணக்கீடு பாதி சாய்ந்து நிற்கும் நம்பைத் திட்டத்துக்கு அதன் மேம்பாட்டுப் பணிக்கென நேரடி நிதி முதன்முதலாகக் கிடைத்ததே 2017-இல்தான். அதுவரை அது தன்னார்வலர்களின் மாலை நேரத்தில் வளர்ந்தது. அந்த மாலைகளில் ஒரு பங்கு, புதிதாக எதையும் செய்வதற்கல்லாமல் பழையதைத் தாங்கிப்பிடிப்பதற்கே போயிற்று.

மூன்றாவது செலவைக் கண்ணால் பார்ப்பது கடினம்: பழையதையும் தாங்க வேண்டுமென்றால் புதியதன் நன்மையைத் தொட முடியாது. பி.எஸ். 4 டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் 50 பங்கு வரை இருக்கலாம், பி.எஸ். 6 டீசலில் 10 பங்குக்கு மேல் கூடாது. பழைய லாரி புது டீசலில் ஓடிவிடும். புது லாரியின் புகை வடிகட்டியோ பழைய டீசலில் கெட்டுவிடும். புது எஞ்சினும் பழைய டீசலைத் தாங்கியே ஆக வேண்டும் என்று விதித்திருந்தால் அந்த வடிகட்டியைப் பொருத்தியிருக்கவே முடியாது. தரவு மென்பொருளில் இதன் விலையைத் தமிழே கொடுத்திருக்கிறது. பைத்தான் 2-இல் சாதாரணச் சரம் என்பது பைட்டுகளின் வரிசை. 'நாமக்கல்' என்ற சொல்லின் நீளத்தைக் கேட்டால் 24 என்று சொல்லும். பைத்தான் 3 அதையே யூனிகோட் குறிகளின் வரிசையாகக் கொண்டு 8 என்னும். இலக்கணப்படி எழுத்து ஐந்துதான். எட்டிலிருந்து ஐந்துக்குப் போக ஒரு நல்ல தமிழ் நிரலகம் போதும். இருபத்துநான்கிலிருந்து தொடங்கினால் எழுத்தை நடுவில் வெட்டிக் குப்பையாக்கும் ஆபத்தோடு ஒவ்வொரு வரியிலும் மல்லுக்கட்ட வேண்டும். ஓப்பன்-தமிழ் போன்ற தமிழ் நிரலகங்கள் தொடக்க ஆண்டுகளில் இரண்டு பைத்தானுக்கும் பொருந்தும்படி எழுதப்பட்டதால் இந்த மல்லுக்கட்டு முழுவதையும் சுமந்தன.

இது பைத்தான் 2-உடன் முடிந்த கதையும் அல்ல. முந்திரி முதலான பின்னங்களும், உழக்கு, குறுணி போன்ற அளவைகளும், பணம், வராகன் போன்ற நாணயக் குறிகளுமாக 51 தமிழ்க் குறியீடுகள் 2019 மார்ச்சில் வெளியான யூனிகோட் 12-இல் இடம்பெற்றன. பழைய நிலக் கணக்குகளையும் கோயில் கணக்குகளையும் தரவாக மாற்ற நினைப்பவருக்கு இவை இன்றியமையாதவை. பைத்தான் 3.7-இன் உள்ளே இருப்பது யூனிகோட் 11. அதற்கு முந்திரியின் குறி ஒதுக்கப்படாத வெற்றிடம். 3.8 முதல்தான் அது 320-இல் ஒரு பங்கு என்னும் மதிப்புடன் தெரியும். 3.7-ஐயும் தாங்கியே தீருவேன் என்று ஒரு நிரலகம் உறுதிபூண்டால், முந்திரிக்கும் உழக்குக்கும் தனி அட்டவணை ஒன்றைத் தானே எழுதித் தானே பராமரிக்க வேண்டும். பெரிய மொழிகளுக்கான வசதிகள் பழைய பதிப்புகளிலேயே முழுமையாக இருக்கும். பின்னால் வந்து சேரும் மொழிகளுக்குத்தான் புதிய பதிப்பு தேவைப்படுகிறது. பழையதைப் பிடித்துக்கொண்டிருப்பது ஏழை எளியவருக்குப் பரிவு காட்டுவது என்று பொதுவாக எண்ணப்படுகிறது. மொழிகளைப் பொறுத்தவரை உண்மை அதற்கு நேர்மாறானது.

பாதுகாப்பின் கணக்கு தனி. 2021 டிசம்பரில் லாக்4ஜே என்ற ஜாவா நிரலகத்தில் வெடித்த ஓட்டை, ஜாவாவில் எழுதிய தரவுத் தளங்கள் முதல் தேடுபொறிகள் வரை உலகையே உலுக்கியது. அந்த ஓட்டைக்குக் காரணமான வசதி 2013-இல் சேர்க்கப்பட்டது. பெரும்பாலோர் பயன்படுத்தாத அது, ஏற்கெனவே பயன்படுத்தும் சிலருக்கு எதுவும் உடைந்துவிடக் கூடாதே என்ற தயக்கத்தால் நீக்கப்படாமல் இருந்துவந்தது. ஓட்டையை அடைக்கும் வேலையும் ஒரே முறையில் முடியவில்லை. ஜாவா 8-க்கு 2.17 வரிசை, ஜாவா 7-க்கு 2.12 வரிசை, 2006-இல் வெளியான ஜாவா 6-க்கு 2.3 வரிசை என மூன்று தனித்தனி வரிசைகளில், அதுவும் அடுத்தடுத்துப் பலமுறை, சில தன்னார்வலர்கள் கிறிஸ்துமஸ் வாரத்தில் தூக்கமின்றித் திருத்தம் வெளியிட்டார்கள். பதினைந்து ஆண்டுப் பழைய ஜாவாவில் ஓடிக்கொண்டிருந்த நிறுவனங்கள் அவர்களுக்காக அதுவரை எதையும் செய்திருக்கவில்லை. எத்தனை பதிப்புகளைத் திறந்து வைத்திருக்கிறோமோ அத்தனை கதவுகளுக்கும் இரவில் பூட்டுப் போட ஆள் வேண்டும். ஆளில்லாத கதவைத் திறந்து வைத்திருப்பதைக் காட்டிலும், இது மூடப்பட்டது என்று எழுதி ஒட்டுவது நேர்மையானது.

இனிக் கைவிடுதல் என்ற சொல்லின் உண்மைப் பொருளைப் பார்ப்போம். எதிர்ப்பின் பெரும்பகுதி அதைத் தவறாகப் புரிந்துகொள்வதால் வருகிறது. பி.எஸ். 3 லாரி விற்பனை நின்றதே தவிர, ஓடிக்கொண்டிருந்த லாரிகளை யாரும் பறிமுதல் செய்யவில்லை. மென்பொருளிலும் அப்படித்தான். பாண்டாஸ் 2019 ஜனவரியில் வெளியிட்ட 0.24 வரிசைதான் பைத்தான் 2-ஐத் தாங்கிய கடைசி வரிசை, 2020 ஜனவரியில் வந்த 1.0 அதைத் தாங்கவில்லை. ஆனால் 0.24 எங்கும் மறைந்துவிடவில்லை, வேண்டுபவர் இன்றும் இறக்கிக்கொள்ளலாம். நம்பை ஒரு படி மேலே போய்த் தன் 1.16 வரிசையைப் பைத்தான் 2-க்கான நீண்டகால வரிசையாக அறிவித்து, தொடர்ந்து பிழை திருத்தியது. இதைவிட முக்கியமானது ஓசையில்லாமல் நடந்த ஓர் ஏற்பாடு. எந்தெந்தப் பைத்தானில் தான் ஓடும் என்பதை ஒவ்வொரு நிரலகமும் தன் விவரச் சீட்டில் குறிக்கலாம். 2016 இறுதியில் வந்த பதிப்பு 9 முதல், நிறுவும் கருவியான பிப்பே அந்தக் குறிப்பைப் படித்து, பயனரிடம் உள்ள பைத்தானுக்குப் பொருந்தும் கடைசிப் பதிப்பைத் தேடி எடுத்துக் கொடுக்கிறது. 2017-இல் பைத்தான் 2-ஐ விட்ட ஐபைத்தான் குழு இந்த ஏற்பாட்டை நம்பித்தான் துணிந்து விட்டது. பழைய சேசிஸோடு வருபவரை வாசலிலிருந்து திருப்பி அனுப்பாமல், அவருக்கான பழைய பாடியைக் கிடங்கிலிருந்து எடுத்துக் கொடுப்பது போன்றது இது. அவர் இழப்பது புதிய வசதிகளை மட்டுமே.

பைத்தான் 2-இன் முடிவு இன்னொரு பாடமும் தருகிறது. பைத்தான் 3 வந்தது 2008 டிசம்பரில். பைத்தான் 2.7-க்கு முதலில் குறித்த முடிவு 2015. எவரும் நகரவில்லை என்பதால் 2014-இல் அதை 2020-க்குத் தள்ளினார்கள். பதினோரு ஆண்டுக் கெடு கிடைத்தும் 2019-இலும் பைத்தான் 2-லேயே ஓட்டிக்கொண்டிருந்தவர்கள் ஏராளம். அவர்களை நகர்த்தியது கூடுதல் அவகாசம் அல்ல. பாண்டாஸ், நம்பை, மேட்பிளாட்லிப், சைகிட்-லேர்ன் போன்ற முன்னணித் திட்டங்கள் ஒன்றுகூடி, 2020-க்குள் பைத்தான் 2-ஐ விடுகிறோம் என்று பொதுவில் கையெழுத்திட்டதே. அந்த அனுபவத்திலிருந்து பிறந்ததுதான் 2019-இல் நம்பைச் சமூகம் எழுதிய நெப் 29 என்ற கொள்கை: கடந்த 42 மாதங்களில் வெளியான பைத்தான் பதிப்புகளையும், 24 மாதங்களில் வெளியான நம்பைப் பதிப்புகளையும் தாங்குவோம், அதற்கு முந்தியவற்றை விட்டுவிடுவோம். பின்னர் வந்த ஸ்பெக் 0 இதையே பைத்தானுக்கு மூன்று ஆண்டு, அடிப்படை நிரலகங்களுக்கு இரண்டு ஆண்டு என்று எளிதாக்கியது. பைத்தான் தன் ஒவ்வொரு பதிப்புக்கும், போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் தன் ஒவ்வொரு பெரும்பதிப்புக்கும் ஐந்து ஆண்டு தருகின்றன. இவற்றில் எந்தக் காலம் சரி என்று வாதிடலாம். ஆனால் எல்லாவற்றிலும் தேதி முன்பே தெரியும். இதற்கு மாறாக நடந்தது சென்ட்ஓஎஸ் 8. 2019 செப்டம்பரில் வெளிவந்து 2029 வரை நீடிக்கும் என்று நம்பப்பட்ட அந்த இயங்குதளம் 2021 இறுதியோடு முடியும் என்று 2020 டிசம்பரில் திடீரென அறிவிக்கப்பட்டது. பத்தாண்டுத் திட்டத்தோடு சர்வர் அமைத்தவர்களுக்குக் கிடைத்தது ஓராண்டு. அன்று எழுந்த கோபம் நியாயமானது. அது 2017 மார்ச் மாதத்துக் கோபத்தின் தம்பி.

எதிர்வாதங்களில் முதலாவது நிறுவனங்களின் வாதம். கல்லூரி ஆய்வகத்தின் நூறு கணினிகளை நினைத்தபோது மாற்ற முடியாது. பாடத்திட்டம் ஒரு வேகத்தில்தான் நகரும். அண்ணா பல்கலைக்கழகத்தின் பாடத்திட்ட விதிமுறைகள் 2013, 2017, 2021 என நான்காண்டுக்கு ஒருமுறை மாறியிருக்கின்றன. ஒரு விதிமுறையின் கடைசி அணி படித்து முடிக்க மேலும் மூன்று நான்கு ஆண்டு ஆகும். மூன்றாண்டில் பதிப்பை விடும் உலகத்தோடு இதை எப்படிப் பொருத்துவது? கேள்வியில் உண்மை இருக்கிறது. ஆனால் பாடத்துக்குத் தேவை மாறாத ஒரு பதிப்புத் தொகுப்பே தவிர, புதுப் பதிப்பு பழையதன்மேல் ஓடுவதல்ல. முதல் பருவத்தில் குறித்த பதிப்புகளை நான்காண்டும் அப்படியே வைத்துக்கொள்ள எந்தத் தடையும் இல்லை. உண்மையான ஆபத்து மறுபுறம் இருக்கிறது. தொண்ணூறுகளின் தொடக்கத்து டர்போ சி++ நம் ஆய்வகங்களில் இருபதாண்டுக்குமேல் ஓடியது. புது விண்டோஸில் ஓடாதபோது டாஸ்பாக்ஸ் என்னும் பொய்க்கணினிக்குள் வைத்து ஓட்டினோம். அதற்கு எந்தத் திறமூலத் திட்டமும் ஆதரவை நீட்டிக்கவில்லை; அது நாமே கட்டிய சிறை. வகுப்பில் கற்ற நீல நிறத் திரை வேலைக்குப் போன இடத்தில் இல்லை என்பதைப் பல தலைமுறை மாணவர்கள் கண்டார்கள்.

இந்த வாதத்தின் கடினமான வடிவம் வேறொன்று. இணையத்தோடு பேச உதவும் யுஆர்எல்லிப்3 என்ற நிரலகம் 2023-இல் தன் 2.0 பதிப்பில், குறியாக்க நிரலகமான ஓப்பன்எஸ்எஸ்எல்லில் 1.1.1-க்குக் கீழானவற்றை விட்டது. சென்ட்ஓஎஸ் 7-இல் இருந்ததோ 1.0.2, அந்த இயங்குதளத்துக்கு 2024 ஜூன் வரை ஆதரவு இருந்தது. பிப்பின் விவரச் சீட்டு பைத்தான் பதிப்பைத்தான் பார்க்கும், ஓப்பன்எஸ்எஸ்எல் பதிப்பைப் பார்க்காது. எனவே பொருந்தாத பாடி இறங்கி, பல நிரல்கள் ஒரே இரவில் நின்றன. கிடங்கு ஏற்பாடு எல்லா இடத்திலும் காப்பாற்றாது என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் தீர்வும் அருகிலேயே இருந்தது: இரண்டுக்குக் கீழான பதிப்பே வேண்டும் என்று ஒரு வரி எழுதிவைத்தவர்களுக்கு எதுவும் நிற்கவில்லை, அந்த 1.26 வரிசைக்குப் பாதுகாப்புத் திருத்தங்களும் தொடர்ந்து வந்தன. பதிப்பைக் குறிப்பிடாமல் எது வந்தாலும் சரி என்று விட்டவர்கள்தான் மாட்டினார்கள்.

இரண்டாவது வாதம் நெஞ்சைத் தொடுவது: பழைய கணினி வைத்திருக்கும் ஏழை மாணவர். 2011 செப்டம்பரில் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் இந்த மாவட்டங்களின் கிராமங்களிலும் முதல் கணினியைக் கொண்டுவந்தது. முதல் சுற்றுக் கணினிகளில் விண்டோஸ் 7-உம், டெபியனை அடிப்படையாகக் கொண்டு சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே இருந்தன. விண்டோஸ் 7-இல் ஓடும் கடைசிப் பைத்தான் 3.8, அதன் ஆயுளும் 2024 அக்டோபரில் முடிந்தது. ஆகவே நிரலகங்கள் 3.8-ஐத் தொடர்ந்து தாங்க வேண்டும் என்பது கோரிக்கை. இதில் ஒரு குழப்பம் ஒளிந்திருக்கிறது. பழையது அந்தக் கணினியின் இரும்பு அல்ல, அதில் ஏற்றிய இயங்குதளம். 32 பிட் கணினிகளுக்கும் டெபியன் 12 கிடைக்கிறது, அதன் நீண்டகால ஆதரவு 2028 ஜூன் வரை உண்டு. அதில் பைத்தான் 3.11-உம், நம்பை 1.24-உம், பாண்டாஸ் 1.5-உம் ஏற்கெனவே சேர்த்துப் பொதிந்திருக்கின்றன. அதே மடிக்கணினியில் விண்டோஸ் பக்கம் சிக்கிக்கொண்ட மாணவர், லினக்ஸ் பக்கம் திரும்பினால் மூன்று பதிப்பு முன்னே போகிறார். பழைய இரும்புக்குப் புது மென்பொருளைப் பொருத்தித் தரும் இந்த வேலையை டெபியன் தன்னார்வலர்கள் ஏற்கெனவே செய்துவிட்டார்கள். ஏழை மாணவருக்கு உதவ நினைப்பவர் செய்ய வேண்டியது, உலகத்து நிரலகங்கள் எல்லாம் பின்னோக்கி வர வேண்டும் என்று கேட்பதல்ல. பள்ளியில் ஒரு சனிக்கிழமை ஒதுக்கி அந்த இயங்குதளத்தை மாற்றிக் கொடுப்பது.

மூன்றாவது ஆய்வாளரின் வாதம்: இன்று கிடைத்த முடிவு பத்தாண்டு கழித்தும் அப்படியே கிடைக்க வேண்டும், அதற்குப் பழைய பதிப்புகளின் ஆதரவு தேவை. ஆனால் ஒரு நிரலகத்தின் இன்றைய பதிப்பு 2016-இன் நம்பையோடும் ஓடும் என்பதால் 2016-இன் முடிவு திரும்பிவிடாது. 2016-இல் இருந்த அதே பதிப்புகள் முழுவதும் சேர்ந்தால்தான் திரும்பும். அதாவது ஆய்வாளருக்கு வேண்டியது ஆவணக் காப்பு. பெரியார் பல்கலைக்கழகம் உட்பட நாட்டின் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகள் சோத்கங்கா களஞ்சியத்தில் சேர்கின்றன. ஆய்வேட்டின் பின்னிணைப்பில் பயன்படுத்திய நிரலகங்களின் பதிப்புப் பட்டியல் ஒரு பக்கம் இருந்தால், அது எந்தப் பராமரிப்பாளரின் பத்தாண்டு உழைப்பையும்விட இந்த நோக்கத்துக்குப் பயன்படும். அந்தக் களஞ்சியம் ஓடும் டிஸ்பேஸ் மென்பொருளே நல்ல சான்று. 2021-இல் வந்த அதன் ஏழாம் பதிப்பு பழைய முகப்பு இரண்டையும் அடியோடு விட்டு, புதிய ஜாவாவையும் புதிய தேடுபொறியையும் கேட்டது. அதற்காக உள்ளே இருக்கும் ஆய்வேட்டின் ஒரு வரிகூட மாற வேண்டியதில்லை. காக்க வேண்டியது தரவை. கருவி மாறத்தான் செய்யும்.

நான்காவது வாதம் பராமரிப்பாளர்களைக் குற்றம் சாட்டுகிறது: புதுமை மோகத்தில் ஓடுகிறார்கள், ஒரு வரி மாற்றினால் பழையதும் ஓடும், செய்ய மறுக்கிறார்கள். இதை முற்றாகத் தள்ள முடியாது. பைத்தான் ஐந்தாண்டு தாங்கும் பதிப்பைத் தரவு நிரலகங்கள் மூன்றாண்டில் விடுவது, பாதுகாப்பு இன்னும் உள்ள ஒரு கணினியைப் பாதி வழியில் இறக்கிவிடுவதாகிறது. காரணமே இல்லாமல், எண்ணிக்கையைக் குறைப்பதற்காக மட்டும் ஒரு பதிப்பை விடுவது சரியல்ல. புதிய வசதி தேவைப்படும்போதோ பழையது உண்மையில் உடையும்போதோ விடுவதே முறை. ஆனால் அந்த ஒரு வரியின் விலையை மேலே கண்டோம்: எழுதுவது ஒருநாள், சோதிப்பது என்றென்றைக்கும். அதையும் வாங்க விரும்புவோருக்குச் சந்தை இருக்கிறது. ரெட் ஹாட் நிறுவனம் தன் எட்டாம் பதிப்பு இயங்குதளத்தோடு வந்த பைத்தான் 3.6-ஐ 2029 வரை தாங்குகிறது. உலகத்தார் அதை 2021-லேயே விட்டுவிட்டார்கள். ஏழாண்டுக்கு மேற்பட்ட இந்த நீட்டிப்புக்குச் சந்தா வாங்குகிறார்கள், அதற்கான ஆட்களுக்குச் சம்பளமும் கொடுக்கிறார்கள். அது நேர்மையான வணிகம். அப்படிச் சந்தா செலுத்தும் நிறுவனம், காசு வாங்காத தன்னார்வலரிடம் வந்து 3.6-க்கும் திருத்தம் கொடு என்று கேட்பதுதான் நேர்மையற்றது. பழைய மாடல் லாரிக்கு ஸ்பேர் தேடுபவர் பட்டறைக்காரருக்குக் கூலி கொடுத்தே தேடுகிறார். பாடி கட்டிய கடனுக்காக ஆயுள் முழுதும் இலவசமாகப் பார்த்துக்கொடு என்று நாமக்கல்லில் யாரும் கேட்பதில்லை.

ஆகப் பொறுப்பு மூவருக்கும் பகிர்ந்தது. திட்டங்கள் விடும் தேதியை முன்கூட்டிச் சொல்ல வேண்டும், விவரச் சீட்டைச் சரியாக எழுத வேண்டும், கடைசி வரிசைக்குச் சிறிது காலம் பாதுகாப்புத் திருத்தம் தர வேண்டும். நீண்டகாலம் நகர முடியாத அரசுத் துறைகளும் நிறுவனங்களும் அந்த நகராமையின் விலையைத் தங்கள் ஒப்பந்தப்புள்ளியிலேயே ஒரு வரவுசெலவு இனமாகச் சேர்க்க வேண்டும். கல்லூரிகள் ஒவ்வொரு ஜூனிலும் ஆய்வகம் திறக்குமுன் தங்கள் பதிப்புப் பட்டியலை எடுத்து, எது எப்போது முடிகிறது என்று பார்க்க வேண்டும். எட்டாண்டு ஆன லாரியை ஒவ்வோர் ஆண்டும் எஃப்.சி.க்கு ஓட்டிச் செல்லும் ஊர் இது; தேதியை நினைவில் வைப்பது இங்கே யாருக்கும் புதிதல்ல. மேலே சொன்ன டெபியன் 12-உடன் வரும் பைத்தான் 3.11-க்கான ஆதரவைப் பைத்தான் குழு 2027 அக்டோபரில் நிறுத்துகிறது. அந்தத் தேதி 2022-இல் அது வெளியான நாளிலேயே தெரியும்.